பெட்டிக்குள் எத்தனை வீடுகள்?



சென்ற கிறிஸ்துமஸுக்கு எங்கள் மகனுக்கு ஒரு லெகோ பெட்டி வாங்கிக் கொடுத்தோம். தீயணைப்பு நிலையம் ஒன்றைக் கட்டுவதற்கான பெட்டி. எண்ணிட்ட பைகளில் துண்டுகள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் போட்ட கையேடு. ஒன்பது வயதுப் பையன் இரண்டே மாலைகளில் கட்டி முடித்துவிட்டான். பின்பு அதைப் பீரோவின்மேல் ஏற்றிவைத்து, தங்கை தொடலாகாது என்று தடையுத்தரவும் போட்டான். மூன்று மாதம் அது தூசி படிந்து நின்றது. "பிரித்து வேறு ஏதாவது செய்யேன், ராஜா" என்றேன். "அது எப்படிப்பா? படத்தில் இது ஒன்றுதானே இருக்கிறது?" என்றான்.

அந்தப் பதில் என்னைத் தாராவியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குக் கொண்டுபோயிற்று. 1980களில் என் தகப்பனார் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஒரு வருடம் போனஸ் பணத்தில் 'மெக்கானிக்ஸ்' பெட்டி ஒன்று வாங்கி வந்தார். துளையிட்ட உலோகப் பட்டைகள், தகடுகள், சக்கரங்கள், கொஞ்சம் போல்ட்டு நட்டு, ஒரு குட்டி ஸ்பேனர். அவ்வளவுதான். அதிலும் படப்புத்தகம் இருந்தது. ஆனால் ஒரே பெட்டியில் செய்யக்கூடிய பல பொருள்களின் படங்கள் அதில் இருந்தன. மழைக்காலத்தில் அறைக்குள் தண்ணீர் வந்து அந்தப் புத்தகம் ஊறிப்போனபின் எங்களுக்குப் படமே இல்லை. அதன்பிறகுதான் விளையாட்டு சூடுபிடித்தது. பாரம் தூக்கி, லோக்கல் ரயில், சிலுவை சாய்ந்த ஒரு சபைக் கட்டடம் எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்து எழும்பின.

ஒருநாள் நாலைந்து போல்ட்டுகள் வாசலில் ஓடிய சாக்கடையில் விழுந்துவிட்டன. "உங்கள் பணிமனையில் இது குவியலாகக் கிடக்குமே, கொஞ்சம் கொண்டு வாங்கப்பா" என்றேன். அப்பா சற்றுநேரம் பேசவில்லை. "அது நம்முடையதல்ல தம்பி" என்றார். அடுத்த சம்பளத்தன்று இரும்புக்கடையில் காசு கொடுத்து ஒரு கைப்பிடி வாங்கி வந்தார். அவை நீளம் அதிகம். அதன்பிறகு என் ரயிலுக்கும் லாரிக்கும் முள் முளைத்ததுபோல் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டு நின்றன, ஆனாலும் ஓடின.

இவ்வகை விளையாட்டுப் பொருளுக்கு முன்னோடி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவர். இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் குமாஸ்தாவாயிருந்த ஃபிராங்க் ஹார்ன்பி தம் புதல்வருக்காகத் தகட்டை வெட்டித் துளையிட்டுச் செய்த விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். 1907இல் அது 'மெக்கானோ' என்று பெயர் பெற்றது. துளைக்குத் துளை அரை அங்குலம் என்ற ஒரே அளவுதான் அதன் சூட்சுமம். ஆகையால் எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் சேரும். அந்த லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது.

லெகோவின் வரலாறோ நம் சபையில் கேட்கும் ஒரு சாட்சியைப் போன்றது. டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்துத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் பக்தியுள்ள கிறிஸ்தவர். 1924இல் அவருடைய சிறுபிள்ளைகள் மரச்சீவலில் வைத்த நெருப்பால் பட்டறையும் வீடும் எரிந்தன. 1932இல் உலகெங்கும் பொருளாதார மந்தம், வேலை வரவில்லை. அவ்வருடமே மனைவியும் மரித்துப்போக, நான்கு ஆண்பிள்ளைகளோடு தனித்து நின்றார். அந்த நெருக்கத்தில்தான் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். ஒருமுறை அவருடைய மகன் கோட்ஃபிரட், மர வாத்துகளுக்கு மூன்றுமுறை பூசவேண்டிய வார்னிஷை இரண்டுமுறை மட்டும் பூசிப் பணத்தை மிச்சப்படுத்தியதாகப் பெருமையோடு சொன்னான். தகப்பனாரோ, ரயில் நிலையத்துக்குப் போய்விட்ட பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, அந்த இரவே மூன்றாம் பூச்சையும் அவனைக்கொண்டே பூசவைத்தார். இதை வாசித்தபோது எனக்கு அப்பாவின் நீளமான போல்ட்டுகள் கண்ணெதிரே வந்தன.

இன்றைய லெகோ கட்டை 1958இல் உருவானது. உட்புறம் குழாய் வைத்து இறுக்கமாய்ப் பிடிக்கும்படி அமைத்தார்கள். அந்த வருடத்துக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். எட்டுக் குமிழுள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணித வல்லுநர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறே கட்டைகளுக்கு இத்தனை!

அப்படியிருக்க, என் மகனுக்கு ஏன் ஒன்றே ஒன்று தெரிகிறது? 1978இல் குட்டி மனித உருவங்கள் வந்தன. 1999இல் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படப் பெட்டிகள் வந்தன. பெட்டி கதைக்குச் சொந்தமாயிற்று. அந்த ஒரு வாகனத்துக்கு மட்டுமே பயன்படும் விசேஷத் துண்டுகள் பெருகின. 2003இல் நிறுவனம் பெரும் நஷ்டம் கண்டபின்பு துண்டு வகைகளைக் குறைத்தார்கள். இப்பொழுதும் பலவிதக் கட்டைகள் கலந்த பொதுப் பெட்டிகள் கிடைக்கின்றன. நான் கடையில் கவனித்தவரையில் பிள்ளைகளின் கை நீளுவது படத்தில் கார் உள்ள பெட்டிக்கே. வாங்கும் நாமும் அப்படித்தான். ஓவர்டைம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் தகப்பன், தன்னால் உட்கார முடியாத நேரத்துக்கு ஈடாகப் பெரிய பெட்டியாய் வாங்குகிறான். நானும் அதைத்தான் செய்தேன்.

கையேட்டை நான் பழிக்கவில்லை. படம் பார்த்து வரிசை தப்பாமல் செய்யும் பொறுமை என் வயதில் எனக்கு இருந்ததில்லை. ஆசரிப்புக் கூடாரத்தையும் மலையில் காண்பிக்கப்பட்ட மாதிரியின்படியே செய்யும்படி மோசே கட்டளை பெற்றார். ஆனால் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அங்கே சொல்லப்படுகிற பெசலெயேல் தீர்க்கதரிசியுமல்ல, ஆசாரியனுமல்ல, கைவேலைக்காரன். மாதிரி கையில் இருந்தும், யோசித்துச் செய்வதற்கான ஞானமும் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. ஆவியின் நிறைவைப்பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்த அதிகாரத்தை ஏனோ அதிகம் எடுத்துப் பேசுவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது, பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் சிறு துண்டுகளைத் தரையில் விடாதீர்கள்.

போன சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் தீயணைப்பு நிலையத்தைப் பீரோவிலிருந்து இறக்கினேன். கையேட்டை எடுத்து என் மனைவி வேதாகமப் பையில் ஒளித்துவைத்தாள். பிரிக்கும்போது மகனின் முகம் வாடியது உண்மை. தங்கைதான் முதலில் கட்டத் தொடங்கினாள்: பாட்டியின் நாசரேத் வீடாம். அடுப்படிக்குப் போதுமான சுவர் இல்லை. சிறிது நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "இப்படி வைத்தால் விழுந்துவிடும்" என்று தரையில் உட்கார்ந்தான். பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னபோது, தீயணைப்பு வண்டியின் ஏணி பாட்டி வீட்டுக் கிணற்றுக்கு மேலே வாளி தூக்கிக்கொண்டிருந்தது.