பட்டனை அழுத்தினால் பதிலே இல்லையா? கம்ப்யூட்டரைக் கைவிடும் முன் இதைப் படியுங்கள்!

ஐப்பசி மாதத்து அடைமழை. ராத்திரி முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. காலையில், "அம்மா, கம்ப்யூட்டர் ஆன் ஆகலை!" என்று மகள் அலறினாள். அன்று மாலைக்குள் அவள் கல்லூரி ப்ராஜெக்ட்டை அனுப்பியாக வேண்டும். எனக்கோ வேறு கவலை. மறைந்த என் அப்பாவின் பழைய போட்டோக்களையெல்லாம் ஸ்கேன் செய்து அந்தக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தேன். வேறு எங்கும் காப்பி இல்லை.

தெரிந்த கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "மதர்போர்டு போயிடுச்சும்மா. பத்து வருஷத்துப் பழசு. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்றார்.

"உள்ளே இருக்கிற போட்டோ?"

"பார்க்கலாம்..." என்று இழுத்தார். அந்த இழுப்பே வயிற்றைக் கலக்க, பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

மத்தியானம், பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி வந்தார். பையிலிருந்து வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்து இணைத்தார். பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. சற்று நேரத்தில், திரையில் நான் வைத்திருந்த அப்பாவின் படம்! மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் மட்டும்தான் பழுது.

"நிறைய வீட்டுல பிரச்னை இதைவிடச் சின்னதாத்தான்க்கா இருக்கும். வெறும் ஒயரைச் செருகிட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தவர், நாமே பார்க்கக்கூடியவற்றை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். உங்களுக்கும் உதவும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

சிபியு பெட்டியின் ஒயர் செருகியிருக்கும் அதே பாயின்ட்டில் மொபைல் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். போன் சார்ஜ் ஆகவில்லை என்றால், கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சுவர் ஸ்விட்ச்சிலோ இருக்கிறது. யு.பி.எஸ் வழியாகக் கரண்ட் வருகிறதா? அதன் பேட்டரி வீக்காகியிருக்கலாம். யு.பி.எஸ்ஸை விட்டுவிட்டு, நேரடியாகச் சுவர் பாயின்ட்டில் கொடுத்துப் பாருங்கள்.

பின்பக்கத்துக் குட்டி ஸ்விட்ச்

பெட்டியின் பின்பக்கம் ஒயர் செருகும் இடத்தில் அழுத்திச் செருகுங்கள். வீடு பெருக்கும்போது லேசாக நகர்ந்திருந்தாலும் கரண்ட் போகாது. அதன் அருகே பல பெட்டிகளில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் ஆன். வட்டம் போட்ட பக்கம் ஆஃப். குழந்தைகள் கை பட்டு ஆஃப் ஆகியிருக்கலாம். மானிட்டருக்கும் அதே மாதிரி ஒயர்தான் என்றால், இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒயர் கோளாறு தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: சில பழைய பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம் ஊர் கரண்ட் 230 வோல்ட். எனவே அது 230-லேயே இருக்கட்டும். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் எஸ்.எம்.பி.எஸ் வெடித்துக்கூடப் போகலாம்.

கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்

கரண்ட் ஏறி இறங்கும்போது, சில எஸ்.எம்.பி.எஸ்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்குங்கள். முன்பக்கப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகி ஆன் செய்யுங்கள். பல நேரங்களில் இதிலேயே உயிர் வந்துவிடும்.

ஆன் ஆகவில்லையா, படம் வரவில்லையா?

இரண்டும் வேறு வேறு. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். மானிட்டர் ஆன் ஆகியிருக்கிறதா, அதன் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும்.

அதற்கும் படம் வராவிட்டால் அடுத்த சந்தேகம் ரேம். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்வது நல்லது. 'பீப் பீப்' என்று சத்தம் வந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எத்தனை பீப் என்பது மெக்கானிக்குக் கோளாறைச் சொல்லிவிடும்.

சத்தம், வெளிச்சம் எதுவுமே இல்லையா? சுவரும் ஒயரும் சரியாக இருந்தால், முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மீதுதான்.

இதைத் தொடாதீர்கள்

கருகிய வாடை வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ் டப்பாவை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள், ஒயரைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து.

கடைக்குப் போகிறீர்களா?

எஸ்.எம்.பி.எஸ் போனாலும் மதர்போர்டு போனாலும், உங்கள் போட்டோக்களும் ஃபைல்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அவை இருப்பது ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி-யிலோ. அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் ரெகவரி கீ தேவைப்படும்.

கடையில் மூன்று விஷயங்களில் உறுதியாக இருங்கள். ஒன்று, "வேற எஸ்.எம்.பி.எஸ் போட்டு என் கண்ணு முன்னாடியே பாருங்க" என்று கேளுங்கள். இரண்டு, "ஃபார்மட் பண்ணணும்" என்றால் சம்மதிக்காதீர்கள். விண்டோஸ் வேலை செய்ய ஆரம்பிப்பதே கரண்ட் வந்த பிறகுதான். கரண்டே வராத பெட்டிக்கு ஃபார்மட் எதற்கு? மூன்று, எக்ஸ்சேஞ்ச்சில் கொடுப்பதானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் ஸ்விட்ச்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மழை இருட்டியதுமே அந்த வேலையை மகள் முடித்துவிடுகிறாள். அன்று ப்ராஜெக்ட்டையும் கடைசி நேரத்தில் எப்படியோ அனுப்பிவிட்டாள்.

நான் செய்தது ஒன்றுதான். அன்று ராத்திரியே அப்பாவின் போட்டோக்களை இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றினேன். ஒன்று என் பீரோவில். இன்னொன்று தம்பி வீட்டில். உங்கள் கம்ப்யூட்டர் இன்று ஆன் ஆகிறதுதானே? நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் நீங்களும் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்!