இறாலில் ஏன் மருந்தைத் தேடுகிறார்கள்?
பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்துக் குளங்களில் வளர்க்கிற இறால் ஐரோப்பா போகவேண்டுமென்றால் அதன் சதையில் மருந்து எச்சம் பார்ப்பார்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் தரவுத்தளம். ஐரோப்பா 100-க்கு மேல் விடாது. கோடெக்ஸ் சொல்வது புலி இறாலுக்கு; நம் குளங்களில் இப்போது வனாமி என்ற வேறு வகைதான் அதிகம்!

குளோராம்பெனிகால் என்ற மருந்துக்கோ வரம்பே கிடையாது, தடைதான். ஏன்? அரிதாகச் சிலருக்கு அது எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். எவ்வளவு உட்கொண்டால் ஆபத்தில்லை என்று சொல்ல முடியவில்லை.

நைட்ரோஃபியூரான் என்ற மருந்து இன்னும் பெரிய கள்ளன். மருந்து சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். சிதைவுப் பொருளோ புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். அமிலத்தில் ஊறவைத்துப் பிரித்தெடுத்த பிறகே கருவி அதைப் பிடிக்கும். வேகவைத்தாலும் போகாது.