இழுவிசையும் அழுத்தமும்

நெமிலிச்சேரி இரயில் நிலைய நடைமேடையில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்கு, ஒரு சொல்லின் இரு பொருள்கள் ஒரே கம்பியில் புலப்படும். அக்கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. ஆங்கிலத்தில் அதனை 'ஹை டென்ஷன்' என்பர். அதே கம்பி தொய்ந்துவிடாதவாறு ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையால் இழுத்துப் பிடிக்கப்பட்டுள்ளது. அதுவும் டென்ஷனே. தடத்தோரக் கம்பங்கள் சிலவற்றில் கப்பியின் வழியே அடுக்கடுக்காக எடைகள் தொங்குவதைக் காணலாம். கோடை வெயிலில் கம்பி நீள, எடைகள் கீழிறங்கும். மார்கழிக் குளிரில் அது சுருங்க, எடைகள் மேலேறும். இழுவிசை மட்டும் மாறுவதில்லை.

முன்னதை அழுத்தம் என்றும் பின்னதை இழுவிசை என்றும் தமிழ் பிரித்துக்கொண்டது நன்றே. (மின்னழுத்தம் என்பது ஒருவகை உவமையாகுபெயர் என்பேன், குழாய் நீரின் அழுத்தத்தை ஒத்திருப்பதால் வந்த பெயர்.) எனினும் மாணவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனவே மயங்குகின்றனர். அழுத்தம் தள்ளும், இழுவிசை இழுக்கும்.

நம் உடலில் தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆதலின் முழங்கையை மடக்க ஒரு தசையும் நீட்ட மற்றொரு தசையும் வேண்டியுள்ளன. தசையை எலும்புடன் பிணைப்பதற்குத் தசைநாண் என்று பெயரிட்டவர் யாரோ, வில்லின் நாணை நினைந்தே இட்டிருத்தல் வேண்டும். ஏரிக்கரைப் பனையும் இழுவிசையால்தான் நீர் பருகுகிறது. உறிஞ்சு குழாய் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது. பனையோ 30 மீட்டர் வரையும் வளரும். ஓலைகளில் நீர் ஆவியாக, கீழுள்ள நீர் அறுபடாத கயிறுபோல் மேலே இழுக்கப்படுகிறது என்று டிக்சனும் ஜோலியும் 1894இல் விளக்கினர்.

பெரியவர்கள் அஞ்சும் 'ஹைப்பர்டென்ஷனை' உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். இதில் பிழையில்லை. இரத்தம் தள்ளுகிறது, ஆனால் நாளத்தின் சுவர் தாங்குவது இழுவிசை. நாளம் வீங்க வீங்க, அதே அழுத்தத்திற்கே சுவரின் இழுவிசை மிகும். வீங்கிய இடம் மேலும் வீங்குவது இதனாலேயே.

நுரையீரலிலோ இழுவிசையே பகையாகிறது. அதன் நுண்ணறைகளின் உட்புறத்தை மெல்லிய நீர்ப்படலம் போர்த்தியுள்ளது. நீரின் பரப்பு இழுவிசை அவ்வறைகளைச் சுருக்கி மூடப் பார்க்கும். ஆரம் பாதியானால், விரிக்க வேண்டிய அழுத்தம் இருமடங்காகும். பிறந்த குழந்தையின் செவியில் பாங்கு ஒலிக்குமுன் அக்குழந்தை இழுக்கும் முதல் மூச்சு இந்த விசையை வென்றாக வேண்டும். இதற்கென்றே சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளை நுரையீரல் சுரக்குமாறு இறைவன் அமைத்துள்ளான். சோப்பு நீரைப்போல் அது பரப்பு இழுவிசையைத் தணிக்கும். கருவுக்கு ஏறத்தாழ 35 வாரங்கள் ஆகும்போதுதான் அது போதிய அளவில் சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகள் பிறந்த சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறியதன் காரணம் இக்குறையே என்பதை ஏவரி, மீட் ஆகிய இருவரும் 1959இல் கண்டனர். ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்திய சர்ஃபாக்டன்டைக் குறைமாதக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பயன் கண்டதை 1980இல் வெளியிட்டார். இன்று அத்தகைய மருந்து மூச்சுக்குழல் வழியே சில மில்லிலிட்டர் அளவில் செலுத்தப்படுகிறது.