பிள்ளைகளோடு செஞ்சிக் கோட்டைக்குப் போகும்போது



கோடை விடுமுறையில் நம்ம குழுவிலிருந்து 12 பேர், 17 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்தோம். நீங்களும் போக நினைத்தால் உதவும் என்று எழுதுகிறோம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற 3 மலைகளைச் சுவர் கட்டி இணைத்த கோட்டை இது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. ராஜா தேசிங்கு போரில் இறந்தது 1714-ல். 2025-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். சின்னப் பிள்ளைங்களுக்கு அது கஷ்டம். அடிவாரத்திலேயே கல்யாண மஹால் இருக்கு. நடுமுற்றம், குளம், கோபுரம் மாதிரி அடுக்கடுக்கா மாடி. பெயரைக் கேட்டு கல்யாண மண்டபம்னு நினைச்சோம். அரண்மனைப் பெண்கள் தங்கிய இடம் என்கிறார்கள். பக்கத்திலேயே பெரிய நெற்களஞ்சியமும் உண்டு.

அங்கேதான் எங்களுக்கு உயிரே போயிடுச்சு. கிளம்பும்போது எண்ணினால் 16 பிள்ளைங்கதான். 7 வயசுப் பொண்ணைக் காணோம். "உன்கூட இருக்கான்னு நினைச்சேன்"னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். பத்து நிமிஷம் ஓடித் தேடினோம். இருட்டான களஞ்சியத்துக்குள்ளே கத்தி எதிரொலி கேட்டுக்கிட்டு இருந்தா!

கடன் தவணைக்கு இன்னார் பொறுப்புன்னு நோட்டில் எழுதுறோம். பிள்ளைகளுக்கு எழுதாம விட்டுட்டோம். எல்லாரும் பார்த்துக்குவாங்கன்னா யாரும் பார்க்கறதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

* ஒருவருக்கு 2 பிள்ளைகள் என்று பிரித்து, பெயர் எழுதிக்கொள்ளுங்கள்.
* ஒவ்வொரு இடத்திலும் நுழையும்போதும் வெளியே வரும்போதும் எண்ணுங்கள்.
* பிள்ளைகளின் சட்டைப் பையில் செல்போன் எண் எழுதிய சீட்டு வையுங்கள்.
* குறுகலான படிகளில் பிள்ளை முன்னே, நீங்கள் பின்னே. மாடிக்கு அனுமதி இருந்தால் மட்டும் ஏறுங்கள். ஓரச் சுவரில் உட்கார விடாதீர்கள்.
* குரங்குகள் அதிகம். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம்.
* காலையிலேயே போங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

பயந்தோமே தவிர, போனதற்கு வருத்தம் இல்லை. திரும்பும்போது பிள்ளைங்க தேசிங்கு கதையைத்தான் பேசிக்கிட்டு வந்தாங்க. அடுத்த வருஷமும் போவோம், எண்ணிக்கொண்டே!