உதுமானிய அம்பின் நாரும் பசையும்

அம்பு என்றதும் அதன் கூர்முனையே நம் நினைவுக்கு வரும். அம்பு செய்பவருக்கோ கவலை தருவது மறுமுனைதான். வில்லின் நாணை விடுத்த கணத்தில், அதன் விசை முழுவதும் அம்பின் பின்நுனியில் உள்ள சிறு பள்ளத்தில் வந்து மோதுகிறது. அவ்விடம் பிளந்தால் அம்பு முறிந்து, எய்தவரின் கையையே கிழித்துவிடும்.

இதற்கு உதுமானியத் துருக்கியக் கைவினைஞர் கண்ட வழி வியப்புக்குரியது. அவர்களுடைய அம்புத்தண்டு பைன் மரம். இலேசானது, ஆனால் மென்மையானது. ஆகவே பின்நுனியில் கடின மரத்தின் இரு சிறு துண்டுகளை ஒட்டிப் பள்ளத்தை அமைத்தனர். ஒட்டியது விலங்குப் பசை. மேலே சுற்றியது விலங்கின் தசைநாண்.

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிற நார்க்கட்டே தசைநாண். இறைச்சி வெட்டும்போது ‘நரம்பு’ என்று நாம் கழித்துவிடுவது இதைத்தான். மாட்டின் கால் தசைநாணை உலர்த்தி, மரச் சுத்தியலால் தட்டினால் நூலிழைகளாகப் பிரியும். ஓர் இழையைப் பசையில் நனைத்து இழுத்துச் சுற்றினால் போதும், முடிச்சும் வேண்டியதில்லை. பருத்தி நூல் நம் கை இறுக்கிய அளவோடு நின்றுவிடும். தசைநாணோ உலர உலரச் சுருங்கி, தானாகவே தண்டை மேலும் இறுக்கும்.

இனிப் பசை. தோலையும் தசைநாண் துண்டுகளையும் நீரில் ஊறவைத்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் காய்ச்சி எடுப்பது இது. கொதிக்கவிட்டால் பலம் குறைந்துவிடும். மீனின் காற்றுப்பையிலிருந்தும் உயர்ந்த பசை எடுத்தனர். ஆட்டுக்கால் சூப் ஆறியபின் பாத்திரத்தில் கட்டியாக உறைவதையும், விரலில் பிசுபிசுப்பதையும் கண்டிருப்பீர்கள். அம்பை ஒட்டிய பொருளும் அதுவே! தசைநாணில் இருப்பது கொலாஜன் என்னும் புரதம். அது சூட்டில் சிதைந்து ஜெலற்றின் ஆகிறது. நாரும் பசையும் இவ்வாறு ஒரே இனத்தவை என்பதால் ஒன்றோடொன்று ஊறிப் பிணைந்து, காய்ந்ததும் ஒரே உறைபோல் இறுகிவிடுகின்றன.

இந்த மூட்டு எவ்வளவு தாங்கியது என்பதற்கு இஸ்தான்புல் நகரின் ஓக்மைதான் சான்று. ‘ஓக்’ என்றால் துருக்கியில் அம்பு. ‘மைதான்’ நமக்குத் தெரிந்த மைதானம்தான். 1453இல் நகரைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் முஹம்மத் வில்வித்தைக்கென ஒதுக்கிய நிலம் அது. அங்கு வில்லாளராக அங்கீகாரம் பெற 900 கெஸ், அதாவது ஏறத்தாழ 600 மீற்றர் தூரம் எய்ய வேண்டியிருந்தது. சாதனை அம்பு விழுந்த இடங்களில் நட்ட கற்களுள் சில இன்றும் நிற்கின்றன. துருக்கியின் மரபுவழி வில்வித்தையை 2019இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பசைக்குப் பெரிய எதிரி ஈரம். நம் நாட்டு மாரி காலத்தில் திறந்து வைத்தால் கட்டு தளர்ந்துவிடும். அதனால்தான் சுற்றின்மேல் மெல்லிய மெருகு பூசினர். ஆயினும் அக்குறையே சில வேளைகளில் உதவியாகவும் இருந்தது. இறகு பழுதுபட்டால் அம்பை எறிய வேண்டியதில்லை. அவ்விடத்தைச் சற்று ஆவியில் காட்டினால் பசை இளகும். பழைய இறகை உரித்துவிட்டு, அதே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்த புதிய இறகை ஒட்டிக்கொள்ளலாம்.