உம்மாவின் மௌனமும் மகளின் கேள்வியும்

 

1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், பெண்களும் கைக்குழந்தையும் உட்பட அப்பாவிப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினர் மீதே அக்குற்றம் சுமத்தப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். சிறுமியரின் காதுத் தோடுகள்கூடக் கழற்றப்பட்டன. வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர்.

இவ்விரு துயரங்களையும் தராசில் நிறுப்பது நமது வேலையன்று. இரண்டிலும் தப்பிய தாய்மார் இருக்கின்றனர். அவர்களுக்குப் பெண் மக்களும் இருக்கின்றனர்.

பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று பல தாய்மார் பட்டதைச் சொல்வதில்லை. ஆனால், சொல்லாத துயரம் வேறு வழியில் வெளிப்பட்டுவிடுகின்றது. மகள் சற்றுத் தாமதித்தால் உம்மா பதறுகிறார். வெளியூரில் படிக்க அனுப்ப மறுக்கிறார். மகளோ, 'என்மீது நம்பிக்கையில்லை' என்று எண்ணி விலகுகிறாள். அச்சம் கோபமாகத் தோன்றுகின்றது. அன்பு காவலாகத் தோன்றுகின்றது. போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே தாக்குகின்றது என்பதை, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமது ஆய்வுகளில் விளக்கியுள்ளார்.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணிப் பாருங்கள். குழந்தையை ஆற்றில் விட்டபின் அத்தாயின் உள்ளம் வெறுமையாயிற்று என்று அல்குர்ஆனின் கஸஸ் அத்தியாயம் கூறுகின்றது. அவர் அத்துயரைத் தம் மகளிடம் மறைக்கவில்லை. தம்பியைப் பின்தொடர்ந்து பார்க்குமாறு அவளிடமே பொறுப்பை ஒப்படைத்தார். அந்த மகள் எவரும் அறியாவண்ணம் தூரநின்று கவனித்தாள். பாலூட்டத் தகுந்த ஒரு குடும்பத்தைத் தக்க தருணத்தில் காட்டிக்கொடுத்தாள். தாயின் கண் குளிர்ந்தது. நம்பிச் சொல்லப்பட்ட மகளே, அல்லாஹ்வின் நாட்டப்படி, தாயின் ஆறுதலுக்கு வழியானாள்.

எனவே தாய்மார்களே, பிள்ளையின் வயதறிந்து சிறிது சிறிதாகச் சொல்லுங்கள். விட்டுவந்த வீட்டையும் கிணற்றையும் பற்றித் தொடங்கினாலே போதும். பெண் மக்களே, உம்மாவைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் அழுதால் கையைப் பிடித்திருங்கள். பேச விரும்பாவிட்டால் காத்திருங்கள். தூக்கம் கெட்டு, பயம் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். நோய்க்கு மருந்து தேடுவது ஸுன்னத்தாகும். அது ஈமானின் குறைவன்று.

1990இல் இடுப்பில் சுமந்துவரப்பட்ட பெண் குழந்தைகள் இன்று தாமே தாய்மாராகிவிட்டனர். உம்மாவிடம் கேட்கவேண்டியதை இன்றே கேளுங்கள். நாளை கேட்பதற்கு அவர் இருப்பார் என்ற உத்தரவாதம் நம்மில் எவருக்கும் இல்லை. அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.