குளிசைக்குள் போன கொறக்கா

மன்னாரின் கீரியில் மீன்குழம்புக்குப் பழப்புளி கரைப்பார்கள். தென்னிலங்கையில் அம்புல் தியல் என்ற மீன்கறிக்குக் கொறக்கா வேண்டும். பூசணிக்காய் போல வரியோடிய அந்தச் சிறு பழத்தைச் சுளைசுளையாகப் பிரித்து, கறுத்துச் சுருளும்வரை காயவைத்து, அரைத்து மீன் துண்டுகளில் பூசிச் சமைப்பார்கள். புளிப்பும் ஏறும், கறியும் சில நாள் கெடாமல் இருக்கும். தமிழ்நாட்டில் கொடம்புளி என்று விற்பதும் இதுதான். இந்தப் பழத்தோலில் உள்ள ஹைட்ரொக்சி சிற்றிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, 'கார்சீனியா கம்போஜியா' என்று பெயர் ஒட்டி, உடம்பை மெலியவைக்கும் குளிசை என்று உலகெங்கும் விற்கிறார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் அந்தக் குளிசையின் கணக்கு வெளிவந்தது. உடல் பருத்த 135 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் அமிலமும் மறுபிரிவுக்கு மருந்தில்லாத வெறுங்குளிசையும் 12 வாரம் கொடுத்தார்கள். எது யாருக்கு என்று விழுங்கியவர்களுக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு இரு பிரிவுக்கும் ஒன்றே. முடிவில், அமிலம் விழுங்கியவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெறுங்குளிசை விழுங்கியவர்கள் 4.1 கிலோ.

குளிசை தோற்றது மட்டும் இங்கே செய்தியல்ல. இரு பிரிவினரும் மெய்யாகவே மெலிந்தார்கள். 'என்ர மச்சாள் இதைக் குடிச்சுத்தான் மெலிஞ்சவா' என்று யாராவது சொன்னால் அதைப் பொய்யென்று தள்ளத் தேவையில்லை. குளிசையோடு சேர்த்து அவர் சோற்றைக் குறைத்திருப்பார், சீனி போட்ட தேத்தண்ணீரை விட்டிருப்பார், பின்னேரத்தில் நடந்திருப்பார். காசு கொடுத்து வாங்கியதாலேயே கவனமும் கூடியிருக்கும். மெலிந்தது அந்த மாற்றத்தால், பேர் போனது போத்தலுக்கு. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்ற அச்செழுத்தையும் அப்படியே நம்ப முடியாது. பச்சைக் கோப்பிக்கொட்டைச் சாற்றின் பெருமை, இந்தியாவில் 16 பேரை மட்டும் வைத்து நடத்திய ஓர் ஆய்வில் நின்றது. 2012இல் அது வெளியாகி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசப்பட்டு, விற்பனை ஏறியது. ஆய்வை நடத்தியவர் பங்கேற்றவர்களின் நிறை அளவுகளையே திரும்பத் திரும்ப மாற்றினார் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2014இல் குற்றஞ்சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 35 இலட்சம் டொலர் கட்ட இணங்கியது. கட்டுரையும் அதே ஆண்டில் மீளப்பெறப்பட்டது.

அப்படியானால் காசு வாங்கும் எல்லாமே ஏமாற்றா? இல்லை. 1963இல் நியூயோர்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற பெண் தொடங்கிய 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனத்தின் வாராந்தக் கூட்டங்கள் நேர்மையான சோதனைகளில் தேறியிருக்கின்றன. பிரித்தானியாவில் 1,267 பேரை வைத்து நடத்தி 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வில், ஒரு கையேடும் கொஞ்சம் ஆலோசனையும் மட்டும் பெற்றவர்கள் ஓராண்டில் 3.3 கிலோ குறைந்தார்கள். 12 வாரம் கூட்டத்துக்குப் போனவர்கள் 4.8 கிலோ, ஆண்டு முழுவதும் போனவர்கள் 6.8 கிலோ. இரண்டாம் ஆண்டு முடிவில் எல்லோருக்கும் கொஞ்சம் திரும்ப ஏறியது. ஆண்டு முழுவதும் போனவர்களிடம் 4.3 கிலோ நின்றது. இந்த வித்தியாசத்தைத் தந்தது மெலிவதற்கென்று கடையில் விற்கும் பொடியும் அல்ல, குளிசையும் அல்ல. கிழமைக்கொரு நாள் தராசில் ஏறுவது, தின்றதை எழுதிவைப்பது, 'இந்தக் கிழமை என்ன நடந்தது?' என்று கேட்க ஒருவர் இருப்பது, அதே பாட்டில் இருக்கும் இன்னும் பத்துப் பேர் பக்கத்தில் இருப்பது. நிறைகுறைப்புக்குக் காசு கொடுப்பதென்றால் இதற்குக் கொடுப்பதில் நியாயம் உண்டு. எத்தனை வாரம் போகிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது என்பதையும் அந்த எண்கள் காட்டுகின்றன. ஒரு மாதப் 'பக்கேஜ்' வாங்கி நிற்பதில் பயன் குறைவு.

பொடியால் பலனில்லை என்பதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடிய வலுவான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2017இல் வெளிவந்த அந்தப் பிரித்தானிய ஆய்வில் நீரிழிவுக்காரர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாட்டை நிறுத்தி, நாளுக்குச் சுமார் 850 கலோரி அளவில் கரைத்துக் குடிக்கும் பொடி உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் 46 வீதமானோருக்கு மருந்தில்லாமலே நீரிழிவு அடங்கியது. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 4 வீதம். ஆகவே பொடியால் ஆகாது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே முதல் நாளே நீரிழிவு மாத்திரைகளையும் பிறஷர் மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். பயிற்சி பெற்ற தாதியோ உணவு ஆலோசகரோ கூடவே இருந்தார். சாப்பாட்டுக்குத் திரும்பும் வாரங்களும் திட்டமிடப்பட்டிருந்தன. கடையில் பொடி டின் வாங்கும் ஒருவருக்கு இவை எதுவும் வருவதில்லை. இன்சுலின் போடுபவரோ சில வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவரோ தானாகவே சாப்பாட்டை நிறுத்திப் பொடிக்கு மாறினால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், உயிருக்கும் ஆபத்து. இந்த ஓர் எச்சரிக்கையை மட்டுமாவது விற்பவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மூலிகைதானே, என்ன கெடுதல் என்பது அடுத்த வாதம். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, அதன் பிறகும் 'இயற்கையான' மெலிவுக் குளிசைகளுக்குள் மறைத்துக் கலக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கிறது. இலேபிளில் அதன் பெயர் இருக்காது. குளிசை உடனே வேலை செய்தால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே பாதுகாப்பு.

இலங்கையில் 2015இல் சுகாதார அமைச்சு நடத்திய நாடளாவிய ஆய்வில், 18 முதல் 69 வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அளவுக்கு மிஞ்சிய நிறையோடு இருந்தார். இதற்கென அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் நலவாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. நிறை, இடுப்பளவு, பிறஷர், இரத்தச் சீனி எல்லாம் அங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள். பகலில் வேலைக்கோ மீன் வாடிக்கோ போகிறவருக்கு அவை திறந்திருக்கும் நேரம் ஒத்துவராது என்ற குறை நியாயமானது. தனியார் விற்பனை உள்ளே வருவதும் அந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியை நிரப்பப் பெரும் செலவு தேவையில்லை என்பதற்குச் சான்று பாக்கு நீரிணைக்கு அக்கரையிலேயே இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைப் பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு நடையும் உணவு மாற்றமும் மட்டும் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து கவனித்தது. மூன்றாண்டில் அந்தப் பிரிவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்ததாக 2006இல் வெளியிட்டார்கள். நிறையில் பெரிய மாற்றமே இல்லாமல் கிடைத்த பலன் அது. 537 ஆண்களிடம் நடத்தி 2013இல் அதே குழு வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவுக்கு மேலதிகமாகப் போனது கைபேசிக் குறுஞ்செய்தி மட்டும். அந்தப் பிரிவில் 18 வீதமானோருக்கு நீரிழிவு வந்தது, மற்றதில் 27 வீதமானோருக்கு. மன்னார் சுகாதாரத் துறை கிழமையில் ஒரு பின்னேரம் கீரி போன்ற ஊர்களில் ஒரு தராசோடு ஒரு தாதியை இருத்தி, இடைநாட்களில் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினால் போதும். ஊர்ச் சங்கங்கள் இதைக் கேட்டு எழுத வேண்டும். அது வரும்வரை, அயலில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு தராசு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் நிறை பார்த்து ஒரு கொப்பியில் எழுதலாம்.